சீவிய உருத்தோடு வாங்கிய வீடு

தம்பி,

கூரை ஒழுகுகிறது. நேற்றுப் பின்னேரம் தொடங்கிய ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. என் கட்டிலுக்கு நேர் மேலே, மேற்குப் பக்கத்துக் கைமரத்தடியில், முதலில் ஓர் ஈரவட்டம் தெரிந்தது. பிறகு சொட்டத் தொடங்கியது. கீழே பித்தளைச் சருவத்தை வைத்திருக்கிறேன். நனைந்த சுண்ணாம்பின் மணம் அறை முழுக்க நிற்கிறது. இந்த மணம் வந்தால் நீரும் கூடவே வந்து நிற்கிறீர், என்ன செய்ய? முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு, தலையிலே துவாய்க்கட்டு, ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டு, "மாமி, ஒருத்தரும் கீழை நிக்காதேங்கோ, ஓடு விழும்" என்று போடுகிற சத்தம்.

நீர் இந்த வீட்டை வாங்கியபோது உறுதிப் பத்திரத்தில் என்ன எழுதுவித்தோம், மறந்துபோனீரா? நான் உயிரோடு இருக்குமட்டும் இந்தக் கூரை ஒழுகக்கூடாது. அப்படியெல்லாம் உறுதியில் எழுதுகிற வழக்கமில்லை என்று பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முகத்தைச் சுளித்தார். எழுதாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நீர்தான் சிரித்துக்கொண்டு, "எழுதுங்கோ ஐயா, மாமி கேக்கிறது ஞாயந்தானே" என்றீர். இப்போது வாக்குத் தவறிவிட்டீர். நான் இருக்கிறேன், கூரை ஒழுகுகிறது, உம்மைத்தான் காணவில்லை.

மலாயாவில் றப்பர் விலை விழுந்து, றெயில்வேயில் ஆட்களைக் குறைத்தபோது ஊருக்கு அனுப்பப்பட்ட கிளாக்கர்மாரில் நீரும் ஒருவர். உம்மைப்போல வந்தவர்கள் எல்லாரும் வயலும் தோட்டமும் வாங்கி, வேலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அளவெட்டியில் உம்மைப் பெற்ற ஐயாவின் தோட்டம் உமக்காகக் காத்துக் கிடந்தது. நீர் அதை எட்டியும் பாராமல் பட்டினத்துக்கு வந்து, வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்கத் தொடங்கினீர். ஒன்றை வாங்கி, அதை ஈடு வைத்து மற்றதை வாங்குவீர். முதல் வீட்டு வாடகையில் இரண்டாம் வீட்டுக்கு வட்டி கட்டுவீர். ஊரில் உம்மைப் பைத்தியம், விசரன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் நீர் வேலை தெரிந்த விசரன். வீடு பார்க்கப் போனால் வாசலாலே உள்ளே போகமாட்டீர். நேரே கிணற்றடிக்குப் போவீர். ஒரு வாளி அள்ளி, வாய்க்குள் விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு துப்புவீர். நல்ல தண்ணீர் என்றால்தான் திரும்பிச் சுவரைப் பார்ப்பீர். "சுவரை இடிச்சுக் கட்டலாம் மாமி, கூரையைப் பிரிச்சு மேயலாம். கிணத்துத் தண்ணியை ஆராலையும் மாத்தேலாது" என்று நீர் சொன்ன சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது. இந்த ஒரு சொல்லை நீர் உம்முடைய குடும்பம் இருந்த வீட்டிலும் காப்பாற்றியிருந்தால் நான் இன்று இதை எழுதவேண்டி வந்திராது.

குடி வைக்கிற ஆட்களிலும் உமக்கு ஆயிரம் கணக்கு. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுத் திறப்பைக் கொடுப்பீர், சம்பளம் மாதம் பிறக்கக் கைக்கு வரும் என்று. கோட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசிமாருக்குக் கொடுக்கவே மாட்டீர். "வாடகை கேட்டால் வழக்கு வரும் மாமி" என்பீர். புதிதாய்க் கலியாணம் முடித்தவர்கள் வந்தால் யோசிப்பீர், சீதன வீடு கட்டி முடிந்த கையோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. தைப்பொங்கலுக்கு முன் வெள்ளை அடிப்பீர். பங்குனி வெயிலில் புது ஓலை கொண்டுவந்து வேலி அடைப்பீர். தண்ணீர் வற்றுகிற நாளில் கிணற்றை இறைத்துச் சேறு வாருவீர். புரட்டாதி முடியுமுன் எல்லாக் கூரையிலும் நீரே ஏறுவீர். ஏன் கூலிக்கு ஆள் பிடிக்கிறீரில்லை என்று ஒருதரம் கேட்டேன். "கூலிக்கு ஏறுறவன் உடைஞ்ச ஓட்டை மாத்துவான். உடையப் போற ஓட்டை ஆர் பாக்கிறது?" என்றீர்.

என் வீட்டை உமக்குக் காட்டியது தரகர் அல்ல. நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். என்னுடைய மனுசன் நெடுநாள் பாயில் கிடந்து கடனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளையும் இல்லை. அண்ணரின் மக்கள் இருவரும் தங்களோடு வந்து இருக்கச் சொல்லி, ஆளுக்கொரு பக்கமாய் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த இழுவையில் கண் முழுக்க வீட்டின்மேல் இருந்ததை நான் காணாமல் இல்லை. அவர்களுடைய குசினிக்குள் போய் ஒண்டியிருக்க எனக்கு விருப்பமில்லை. வீட்டை விற்கவும் வேண்டும், வீட்டிலேயே இருக்கவும் வேண்டும். அதற்குச் சட்டத்தில் வழி இருந்தது. வீடு வாங்குகிறவருக்கு, சாகுமட்டும் குடியிருக்கிற உரிமை விற்கிறவருக்கு. சீவிய உருத்து என்பார்கள். அப்படி விற்றால் விலை குறையும். குறையட்டும் என்றேன்.

நீர் கிணற்றடிக்குப் போனீர், தண்ணீரை வாயில் விட்டீர். துப்பவில்லை, விழுங்கினீர். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இந்த வீட்டை நீர் விடமாட்டீர் என்று.

உறுதி முடிக்கிறதுக்கு முன் ஒரு நாள் வந்து விறாந்தையில் இருந்துகொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டீர். "மாமி, உங்கடை சாதகத்தை ஒருக்காத் தாங்கோவன். சனி மாறுதாம். அளவெட்டிப் பிள்ளையார் கோயிலிலை உங்கடை பேரிலை ஒரு அருச்சனை செய்விக்கலாமெண்டு." எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மனுசன் போனபிறகு என் பேரில் அருச்சனை செய்விக்க ஒருவரும் இல்லை. பெட்டகத்தைத் திறந்து, பட்டுத்துண்டில் சுற்றி வைத்திருந்த ஓலையை எடுத்துத் தந்தேன். விபூதியும் சந்தனமும் கொண்டுவந்து தந்தீர். நானும் பூசிக்கொண்டேன்.

அதன்பிறகு மாதம் தவறாமல் வருவீர். வாடகை வாங்க வேண்டிய வீடல்லவே, ஆனாலும் வருவீர். சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு முதலில் கூரையைப் பார்ப்பீர், பிறகு என் முகத்தைப் பார்ப்பீர். "என்ன மாமி, சுகமோ?" என்று கேட்கிறபோது உம்முடைய கண் என் கால் வீக்கத்தில் இருக்கும். எனக்கு விளங்காதா என்ன? நான் வேண்டுமென்றே இருமுவேன். இல்லாத இருமலை இழுத்து இழுத்து இருமிவிட்டு, "இந்த மாரி தாண்டமாட்டன் போலை கிடக்குது தம்பி" என்பேன். உம்முடைய முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே! சந்தோசப்படவும் முடியாது, துக்கப்படவும் முடியாது. பிறகு நான் சிரிக்க, நீர் வெட்கப்பட்டு, "சும்மா இருங்கோ மாமி" என்று பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடிப்பீர்.

அந்த விளையாட்டோடு நமக்குள் ஒரு நேசமும் வந்துவிட்டது. உம்முடைய வீடுகளில் எல்லாம் நீர் நின்றுகொண்டே கதைத்துவிட்டு வருகிறவர். உட்கார்ந்தால் குடியிருக்கிறவன் வாடகைக்குத் தவணை கேட்பான் என்று பயம். இங்கேதான் உட்கார்ந்தீர். எந்த வீட்டில் எந்தச் சுவர் ஊறுகிறது, எவன் இரவோடு இரவாகக் கட்டிலைக் கழற்றிக்கொண்டு போனான், எவள் உம்முடைய வெள்ளைச் சுவரில் வெற்றிலை துப்பினாள் எல்லாம் எனக்குத்தான் சொல்லி ஆறுவீர்.

பிறகு எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. எழும்ப முடியவில்லை. நீர் வைத்தியம் பார்க்கிற பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர். என்னைப் பார்க்க ஆளில்லை என்று உம்முடைய பெண்சாதியையும் கொண்டுவந்து விட்டீர். நாகம்மாவை நான் அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டேன். மெலிந்த பெண், அதிகம் கதைக்காது. வந்ததும் கிணற்றடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் அள்ளிக் குடித்தது. மறுபடியும் அள்ளிக் குடித்தது. திரும்பி வந்து என் தலைமாட்டில் இருந்துகொண்டு, "தண்ணி இனிக்குது மாமி" என்றது. எனக்குக் கஞ்சி பருக்கினாள், உடம்பு துடைத்தாள். நான் பயப்படுகிறேன் என்று நினைத்து, பாவம், ஆறுதல் சொன்னாள்.

"பயப்பிடாதேங்கோ மாமி. அளவெட்டிச் சாத்திரியார் உங்கடை சாதகத்திலை சொன்ன கண்டம் இதுதானாம். அறுபதைத் தாண்டாதெண்டு அவர் சொன்னதாலைதான் இவர் வீட்டையே வாங்கினவர். எது நடந்தாலும் நான் கிட்ட நிண்டு பாப்பன்."

கள்ளம் இல்லாமல் சொன்னாள். நான் அந்தக் காய்ச்சலிலும் எரிந்துபோனேன். அருச்சனையாம், விபூதியாம்! நீர் என்னுடைய ஆயுளை விலை பேச எடுத்துப் போன ஓலை அது.

கண்டம் தாண்டியது. நான் எழும்பிக் கதிரையில் இருந்தபோது நீர் வந்தீர்.

"தம்பி, என்ரை சாதகத்தை எந்தச் சனீசுவரனுக்குக் காட்டினீர்?"

நீர் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர். "யாவாரமெண்டால் எல்லாத்தையும் பாக்கத்தானே வேணும் மாமி. அருச்சனையும் செய்விச்சனான், அது பொய்யில்லை."

"ஓம், ஓம். கிணத்துத் தண்ணியை வாயிலை விட்டுப் பாக்கிறமாதிரி என்னையும் பாத்திருக்கிறீர். ஒண்டு சொல்லட்டோ? அந்தச் சாதகம் பொய்."

நீர் நிமிர்ந்தீர்.

"எனக்குச் செவ்வாய்க் குற்றம். ஒரு இடமும் பொருந்தேல்லை. என்னைப் பெத்த ஐயா வேறை நாள் வேறை நேரம் போட்டு வேறை எழுதுவிச்சுத்தான் எனக்குக் கலியாணம் முடிச்சவர். நீர் கொண்டுபோய்க் காட்டின பொம்பிளையை நான் கண்டதே இல்லை."

"அப்ப உண்மையான சாதகம்?"

"ஐயா அடுப்புக்குள்ளை வைச்சிட்டார்."

நீர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டீர். பிறகு சிரிக்கத் தொடங்கினீர். நானும் கோபத்தை வைத்துக்கொள்ள முடியாமல் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும் இருவரும் சிரித்தோம். "அப்ப நீங்கள் எவ்வளவு காலம் இருப்பியள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ?" என்று கேட்டீர். "எனக்கே தெரியாது, உமக்கு என்னத்துக்கு?" என்றேன். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

எல்லாக் கல்வீட்டையும் பிறருக்கு விட்டுவிட்டு, உம்முடைய குடும்பத்தை எங்கே வைத்திருந்தீர்? அரியாலையில், கடலோரப் பள்ளத்தில், ஓலை வேய்ந்த மண்வீட்டில். கோடையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர், வாயில் வைக்க ஏலாது. மாரியில் வெள்ளம் ஊர்க்குப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து சுற்றுக்கட்டு இல்லாத கிணற்றுக்குள் இறங்கும். வாடகை வராத வீட்டுக்குக் காசு செலவழிக்க உமக்கு மனம் வரவில்லை. "மாமியின்ரை வீட்டுக்குப் போவம், கொஞ்சம் பொறு" என்று நாகம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தீராம். அதாவது நான் சாகுமட்டும் பொறு என்று. அவளும் பொறுத்தாள். வேறென்ன செய்வாள்?

உம்முடைய மூத்தவளுக்கு, கெட்ட தண்ணீரால் வருகிற நெருப்புக் காய்ச்சல் வந்தது ஒரு கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு. பெயர் தேவி. என்னிடம் ஒரு தரம் வந்திருக்கிறாள், மாம்பழம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள். பிள்ளை போய்விட்டது. எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து நீர் வந்தபோது நான் வாசலிலேயே மறித்தேன்.

"தம்பி, இருக்கிற ரெண்டு பிள்ளையளையும் நாகம்மாவையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வாரும். எனக்கு ஒரு அறை போதும்."

"ஏலாது மாமி."

"ஏன் ஏலாது? வீடு உம்மடைதானே?"

"நீங்கள் போனாப் பிறகுதான் என்ரை. நான் இஞ்சை வந்து இருக்க, நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால் சனம் என்ன சொல்லும்? கஞ்சிக்குள்ளை என்னத்தையோ போட்டுக் குடுத்துக் கிழவியை அனுப்பிப்போட்டான் எண்டு சொல்லும். பிறகு என்ரை வீடுகளிலை ஒருத்தன் குடிவருவானோ? என்னை நம்பி ஒருத்தன் காசு தருவானோ?"

"அப்ப உம்மடை மற்ற வீடு ஒண்டிலை குடும்பத்தைக் கொண்டுபோய் வையும்."

"எல்லாம் ஈட்டிலை கிடக்கு மாமி. ஒரு வீட்டு வாடகை நிண்டால் மற்ற வீட்டு வட்டி நிக்கும். ஒண்டு விழுந்தால் எல்லாம் விழும்."

"பிள்ளையைத் தாட்டுப்போட்டு வந்து நிண்டு வட்டி கதைக்கிறீரே, மனுசனே நீர்?"

நீர் மாமரத்தில் சாத்திய சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றீர். உமக்குத் துக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கன்னம் ஒட்டிப்போய்த்தான் இருந்தது. ஆனால் உம்முடைய பயம் துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்த பயம். எனக்கு உம்மில் கோபம், தம்பி. அன்றும் கோபம், இன்றும் கோபம். எதற்கு ஒளிக்க?

அதன்பிறகு விடியற்புறத்தில் வருவீர். என் கிணற்றில் இரண்டு தகர டின் தண்ணீர் அள்ளி, சைக்கிளின் பின்னுக்கு இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு அரியாலைக்குப் போவீர். குடிப்பதற்கு மட்டும் போதும். குளிப்பதும் கழுவுவதும் அந்தப் பள்ளத்துக் கிணற்றில்தான். வெள்ளம் றோட்டை மூடினால் அதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு டின் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, குறைந்துபோகும் என்று நீர் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தீராம். இதை நாகம்மா சொல்லித்தான் எனக்குப் பிறகு தெரியும். தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து வீடு வாங்கின மனுசன்!

அடுத்த ஐப்பசியில் உமக்கும் அதே காய்ச்சல். மாட்டு வண்டில் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தேன். மண்சுவரோரம் பாயில் கிடந்தீர். ஓலைக் கூரை ஒழுகி, பாயின் கால்மாடு நனைந்திருந்தது. ஊரிலே இருக்கிற கூரையெல்லாம் ஏறி அடைத்தவர் ஒழுக்கின் கீழே கிடந்தீர். என்னை அடையாளம் மட்டுக்கட்டிக்கொண்டு, "மாமி, மேற்குப் பக்கம் ரெண்டு ஓடு... இன்னும் மாத்தேல்லை" என்றீர். "அதை விடும், எழும்பி வந்து மாத்தலாம்" என்றேன். "மழை வருது மாமி" என்றீர். அதற்குப் பிறகு உமக்கு ஆளைத் தெரியவில்லை.

செத்தவீட்டில் நான் முற்றத்துப் பந்தலுக்குக் கீழே இருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள்.

"கிழவி கல்லுமாதிரி இருக்கு. அவன் போயிட்டான், பாத்தியே."

"ஆரின்ரை சாவை ஆர் பாத்துக்கொண்டிருந்தது? கடவுள் கணக்கைத் திருப்பிப்போட்டார்."

நாகம்மாவுக்கும் அது கேட்டிருக்கவேண்டும். ஒப்பாரியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடன்காரர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் மரியாதையாக இருந்தார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உம்முடைய வீடுகளை எடுத்தார்கள். நீர் சொன்னது சரிதான், ஒன்று விழ எல்லாம் விழுந்தது. நீர் வெள்ளை அடித்த சுவர்களுக்குள் இப்போது யார் யாரோ இருக்கிறார்கள். மிஞ்சினது இந்த வீடு ஒன்றுதான். உயிரோடு இருக்கிற கிழவியை ஈடாக எடுக்க ஒரு செட்டியாருக்கும் துணிவில்லை.

நான் நாகம்மாவிடம் போனேன். வரச் சொன்னேன். "அவர் வேண்டாமெண்ட வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்றாள். மறுபடியும் போனேன். "உங்களைக் காண எனக்குப் பத்தி எரியுது மாமி, போங்கோ" என்றாள். சின்னவன் சவர்த் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றான். திரும்பி வருகிற வழியில் அந்தச் செத்தவீட்டுப் பெண்களின் கதை என் தலைக்குள் சுழன்றது. ஊர் எதைப் பிடித்துக்கொண்டு கதைக்கிறது? நான் செத்தால் உம்முடைய வீட்டுக்கு லாபம் என்பதைத்தானே? அந்த லாபத்தை எடுத்துவிட்டால்? வண்டிலை வீட்டுக்கு விடாமல் நொத்தாரிசிடம் விடச் சொன்னேன்.

"என்ரை சீவிய உருத்தை நாகம்மாவுக்கு விட்டுக்குடுத்து உறுதி முடியுங்கோ" என்றேன். நொத்தாரிசு பேனையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என்னம்மா நடந்தது? அந்தப் பிள்ளை நாளைக்கே உங்களை வெளியிலை போகச் சொல்லலாம், தெரியுமோ?" என்றார். "சொல்லட்டும்" என்றேன். அன்று உமக்கு முன்னால் நான் வழக்காடி எழும்பிய அதே கதிரைதான். கூரையைப் பற்றி எழுதின வரியும் அத்தோடு போயிற்று. இந்த யோசனை உமக்கு ஏன் வரவில்லை? வந்தாலும் கேட்டிருக்கமாட்டீர். விலை பேசி முடித்ததைத் திரும்பப் பேசுவது உமக்குக் கௌரவக் குறைச்சல்.

புது உறுதியைக் கொண்டுபோய் நாகம்மாவின் மடியில் போட்டேன். "பிள்ளை, இனி நான் இருந்தாலும் ஒண்டுதான், செத்தாலும் ஒண்டுதான். உமக்கு ஒரு சதமும் கூடாது, குறையாது. சனத்துக்குக் கதைக்க இனி ஒண்டுமில்லை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாரும்." அவள் அதை விரித்துப் பார்த்தாள். பிறகு, "நீங்கள் எங்கை போவியள்?" என்று கேட்டாள். "மேற்கு அறையை எனக்கு வாடகைக்குத் தாரும்" என்றேன்.

முதல் மாதம் வாங்க மறுத்தாள். பிடித்து வைத்துக் கையில் திணித்தேன். "வாடகை வாங்கிப் பழகும் பிள்ளை. உம்மடை மனுசன் வாடகை வாங்காத வீடு இது ஒண்டுதான், அதாலைதான் இவ்வளவும்." அன்றிலிருந்து வாங்குகிறாள். நீர் எனக்குத் தந்த விலைக்காசில் கடனைக் கொடுத்த மிச்சத்தை நான் தங்கப் பவுணாக வாங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தேன். அதைத்தான் ஒவ்வொன்றாக விற்று வாடகை கொடுக்கிறேன். உம்முடைய காசு மாதம் மாதம் உம்முடைய வீட்டுக்கே திரும்பிப் போகிறது, பாரும். யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட நேரம் அங்கிருந்து ஓடிவந்தவர்களுக்கு முன் அறைகளை விட்டோம். கொஞ்சக் காலம் நல்லாய்ப் போனது. பயம் தெளிந்து அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது இந்த வீட்டில் வாடகை கொடுக்கிற ஆள் நான் ஒருத்திதான். என் வாடகையில்தான் அடுப்பு எரிகிறது.

பிள்ளைகள் சுகம். இரண்டும் நல்ல தண்ணீர் குடித்து வளருகிறதுகள். நாகம்மா என்னோடு தேவைக்கு மேலே கதைக்கமாட்டாள். அவளில் பிழையில்லை. மண்வீட்டில் இருந்த தேவியின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து உள்ளறைக் கொடியில் போட்டிருக்கிறாள். துவைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

போன கிழமைக் காற்றில் மாங்கொப்பு முறிந்து மேற்குப் பக்கத்தில் விழுந்தது. நீர் மாற்றாமல் விட்ட அந்த இரண்டு ஓட்டோடு இன்னும் ஐந்தாறு போயிற்று. உலகச் சண்டையால் கள்ளிக்கோட்டை ஓடு ஏற்றி வருகிற வத்தைப் படகு ஒன்றும் இந்தப் பக்கம் வருவதில்லை. காசு கொடுத்தாலும் ஓடு இல்லை. தென்னோலைக் கிடுகைப் போட்டுக் கல் வைத்திருக்கிறோம். அதைத் தாண்டித்தான் ஒழுகுகிறது.

இன்று காலை சருவம் நிறைந்து வழிந்து பாய் நனைந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை, அயர்ந்துபோய்க் கிடந்திருக்கிறேன். கண் விழித்தபோது நாகம்மா தனியே நின்று கட்டிலை என்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒழுகாத மூலைக்குக் கொண்டுபோய் விட்டாள். ஈரச் சேலையை உருவி, தன்னுடைய காய்ந்த சேலையைச் சுற்றிவிட்டாள். எனக்கு இருமல் வந்தது. நெஞ்சுக்குள் இருந்து வருகிற இருமல், நிற்கவில்லை. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டு, அந்தப் பழைய கள்ளமில்லாத குரலில், "மாமி, செத்துக்கித்துப் போயிடாதேங்கோ" என்றாள். என்னைச் சாகாதே என்று உம்முடைய குடும்பத்தில் முதல் சொன்னது அவள்தான். வாடகைக்காகச் சொன்னாளோ வேறெதற்காகச் சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

"ஓம் பிள்ளை, போகமாட்டன்" என்றேன்.

அதனால்தான் இருந்து எழுதுகிறேன். மழை விட்டபாடில்லை. பெட்டகத்தில் இன்னும் கொஞ்சப் பவுண் கிடக்கிறது, அது முடியுமட்டுமாவது நான் இருக்கவேண்டும். உம்மைச் சீண்டுவதற்காக அப்போது இல்லாத இருமலை இருமிக் காட்டினேன், தம்பி. இப்போது உள்ள இருமலை, அடுத்த அறையில் இருக்கிற உம்முடைய பெண்சாதிக்குக் கேட்காமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.